தேதி போடாத கடிதம்

2009 பிப்ரவரியில் நான் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜெலாப்பாங்கில் எங்கள் தாமான் வீட்டு வாசலில் அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் நாலு பேரும் உட்கார்ந்து ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினேன். யாரைக் காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பாட்டி உள்ளேயிருந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். "கட்சி மாறுனா கட்சியப் பத்திப் பேசு. காலு என்னடா பண்ணுச்சு?"

நான் நடந்து காட்டியது எங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஹீ யிட் ஃபூங்கை. ராக்கெட் சின்னத்தில் ஜெலாப்பாங்கில் வென்றவர். பேரா சட்டமன்றத்தின் துணைச் சபாநாயகர். நடப்பதில் சிரமம் உள்ளவர். அந்த மாதம் அவர் ஜ.செ.க.வை விட்டு வெளியே வந்தார், ஒரு மாநில அரசு கவிழ்ந்தது. இப்பவும் ஈப்போவில் யாரிடமாவது ஜெலாப்பாங்காரன் என்று சொன்னால், கொஞ்சம் வயதானவராக இருந்தால், "ஓ, தவளைத் தொகுதியா" என்பார். தலையாட்டிவிட்டு வருவேன். பதில் சொல்ல வேண்டும் என்று கொஞ்ச நாளாகத் தோன்றுகிறது. அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்ன தவறு, யாருடைய தவறு என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.

என் வயதுக்காரர்களுக்குக் கதை மங்கலாக இருக்கும், அதனால் சுருக்கமாக. 2008 மார்ச் 8 தேர்தலில் பேராவின் 59 இடங்களில் 31-ஐ எதிர்க்கட்சிகள் பிடித்தன: ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6. பாரிசானுக்கு 28. ஆறு இடம் மட்டுமே வைத்திருந்த பாஸ் கட்சியின் நிஸார் ஜமாலுடின் மந்திரி பெசார் ஆனார். துரோனோ உறுப்பினர் வீ. சிவகுமார் சபாநாயகர் ஆனார். அதுவரை எந்த இந்தியரும் உட்காராத நாற்காலி அது. எங்கள் தாமானில் அன்று பட்டாசு வெடித்தது. அப்பா லோரி ஓட்டுபவர். அந்தத் தேர்தலில் வேலை முடிந்து வந்து ராத்திரியில் ஏணி போட்டுக் கம்பத்துக்குக் கம்பம் ராக்கெட் கொடி கட்டியவர். பாட்டி மட்டும் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று சொல்லவில்லை. சிம்மோர் பக்கம் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டிய கை. தோட்டத் தொழிலாளர்களோடு நின்ற பி.எஸ்.எம். கட்சியின் சரஸ்வதியும் அதே ஜெலாப்பாங்கில் நின்றார். பாட்டி அங்கேதான் போட்டிருப்பார் என்று அப்பாவுக்குக் கடைசிவரை சந்தேகம்.

31-க்கு 28 என்றால் இரண்டு பேர் நகர்ந்தாலே அரசு போய்விடும். 2009 ஜனவரி கடைசியில் முதலில் நகர்ந்தது அந்தப் பக்கத்து ஆள்தான். போத்தா தொகுதியின் அம்னோ உறுப்பினர் நசாருடின் ஹாஷிம் பி.கே.ஆருக்கு வந்தார். எங்கள் பக்கம் கொண்டாட்டம். அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் அன்று "தவளை" என்ற வார்த்தையை உபயோகித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதற்கு முந்தைய செப்டம்பர் 16-ல் நாடாளுமன்றத்திலேயே பாரிசான் உறுப்பினர்களை இழுத்து ஆட்சி அமைப்போம் என்று அன்வார் சொன்னபோதும் நாங்கள் தேதியை எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

பத்து நாளுக்குள் சீட்டு மாறியது. நசாருடின் அம்னோவுக்கே திரும்பிப் போனார். ஊழல் வழக்கில் இருந்த இரண்டு பி.கே.ஆர். ஆட்சிக்குழு உறுப்பினர்களும் எங்கள் ஹீயும் பாரிசானை ஆதரிக்கும் சுயேச்சைகள் என்று பிப்ரவரி 4-ல் நஜிப் அறிவித்தார். 28, 28, நடுவில் மூன்று. சட்டமன்றத்தைக் கலைத்துவிடுங்கள் என்று நிஸார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா சம்மதிக்கவில்லை. 6-ம் தேதி ஸம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார்.

பிறகு நடந்ததெல்லாம் சினிமா. கதவு பூட்டியிருந்ததால் மார்ச் 3-ம் தேதி சிவகுமார் சட்டமன்றத்தைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கூட்டினார். மே 7-ம் தேதி உள்ளே கூடியபோது துணைச் சபாநாயகரான ஹீயை வைத்தே அவரை நீக்கும் தீர்மானத்தை நடத்தினார்கள். ம.இ.கா.வின் ஆர். கணேசன் புதுச் சபாநாயகர் என்றார்கள். சிவகுமார் எழுந்திருக்க மறுத்தார். அங்கியோடு அவரைத் தூக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து ஓர் இந்தியரும் உட்காராத நாற்காலிக்கு ஒரே நாளில் இரண்டு இந்தியர்கள். பாட்டி அன்றைக்கு டிவியை அடைக்கச் சொன்னார்.

வழக்கு ஒரு வருடம் ஏறி இறங்கியது. உயர் நீதிமன்றம் நிஸார்தான் மந்திரி பெசார் என்றது, அடுத்த நாளே அதற்குத் தடை வந்தது. 2010 பிப்ரவரி 9-ல் கூட்டரசு நீதிமன்றம் ஸம்ரிதான் என்று முடித்தது.

ஹீ ஏன் போனார்? மாநிலத் தலைமை மேல் நம்பிக்கை போய்விட்டது, தன்னை ஓரங்கட்டினார்கள் என்றார். பணம் என்று எங்கள் வாசலில் பேசினார்கள். நிரூபணம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை, அதனால் அதை எழுதவும் மாட்டேன். சும்மா அவர் சொன்ன காரணத்தையே எடுத்துக்கொள்வோம். கட்சித் தலைமையோடு ஒத்துப்போகாத ஓர் உறுப்பினர், கட்சியின் கொள்கையை எதிர்த்தும் பேசாதவர், தீவிரவாதியும் கிடையாது, மனக்குறையோடு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள். இவரால் அப்போது என்ன செய்திருக்க முடியும்?

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தக் கடிதம் வருகிறது. மூன்று பேரும் கட்சி மாறுகிறார்கள் என்று தெரிந்ததும் சபாநாயகர் சிவகுமார் ஒரு கடிதத்தைக் காட்டி இடங்கள் காலி என்று அறிவித்தார். கட்சி, வேட்பாளராக நிறுத்தும்போதே வாங்கி வைத்த ராஜினாமாக் கடிதம். கையெழுத்து இருக்கும், தேதி இருக்காது. தேவைப்படும்போது தலைமை தேதியைப் போட்டுக்கொள்ளும். தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. இடம் காலியா என்று சொல்வது ஆணையத்தின் வேலை என்று அந்த ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் சொன்னது.

பல்கலைக்கழகம் முடிக்கிற வரைக்கும் அந்தக் கடிதத்தை நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். தவளையைப் பிடிக்க ஒரு வலை. பிறகு வேலைக்குப் போய், தேதி இல்லாமல் கையெழுத்துக் கேட்கிற காகிதங்கள் என் மேசைக்கே வந்தபோதுதான் கொஞ்சம் யோசித்தேன். தேதி போடாத ராஜினாமா இழுப்பறையில் இருந்தால் அந்த இடம் யாருடையது? உறுப்பினருடையது இல்லை. ஜெலாப்பாங்கில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களுடையதும் இல்லை. கடிதத்தை வைத்திருப்பவருடையது. ஹீ கிளம்பிப் போனபோது எங்களைக் கேட்கவில்லை. உண்மை. அந்தக் கடிதத்தை வாங்கி வைத்தபோதும் எங்களை யாரும் கேட்கவில்லை.

சரி, மனசாட்சி உள்ள ஆள் நேர்மையாகப் பதவி விலகி, மறுபடி தொகுதி மக்களிடம் போய் நிற்கலாமே? அப்பாவிடம் நான் பல வருடம் சொன்ன வாதம் இது. சட்டத்தைப் படித்தபிறகுதான் தெரிந்தது: முடியாது. பதவி விலகினால் ஐந்து வருடம் மறுபடி உறுப்பினராக முடியாது என்று அப்போது அரசியலமைப்பிலேயே இருந்தது. நாடாளுமன்றத்துக்கு 48-வது பிரிவு, மாநிலங்களுக்கு எட்டாவது அட்டவணையில் அதே மாதிரி ஒன்று.

அது வந்த கதை இன்னும் சுவாரசியம். 1988-ல் ஜொகூர் பாருவின் அம்னோ எம்.பி. ஷாரிர் சமாட், மகாதீர் தலைமையோடு முரண்பட்டு நின்றவர். அவர் தாவவில்லை. பதவி விலகினார். அதே தொகுதியில் சுயேச்சையாக நின்றார். ஆளுங்கட்சி முழுப் பலத்தோடு எதிர்த்தும் ஆகஸ்டில் வென்றார். தலைமையோடு ஒத்துப்போகாதவன் செய்யக்கூடிய மிகச் சுத்தமான காரியம் அதுதான். 1990-ல் அந்த ஐந்து வருடத் தடை அரசியலமைப்பில் ஏறியது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிற ஆள் நான் மட்டும் இல்லை.

அப்படியென்றால் 2009-ல் ஹீக்கு இருந்தது மூன்று வழி. வாயை மூடிக்கொண்டு உட்காருவது, அடுத்த தேர்தலில் பெயர் பட்டியலில் வராமல் போவது. அல்லது பதவி விலகி ஐந்து வருடம் வீட்டில் இருப்பது. அல்லது தாவுவது. மூன்றாவதற்கு மட்டும்தான் சட்டத்தில் எந்தத் தண்டனையும் கிடையாது. தாவினால் பதவி போகும் என்று கிளந்தான் ஒரு சட்டம் போட்டிருந்தது. சங்கம் சேரும் உரிமைக்கு எதிரானது என்று 1992-ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. நேர்மையாகப் போகிறவனுக்கு ஐந்து வருடம், தாவுகிறவனுக்குச் சுழியம். இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு விடையைப் பார்த்து நாம் காறித் துப்பினோம்.

ஜெலாப்பாங்காரனுக்கு இது புதுசு இல்லை. எங்கள் ஊரை நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது அரசியலுக்கு முன்னால் டோலால். மெனோரா சுரங்கப்பாதை தாண்டி நெடுஞ்சாலை மலையிலிருந்து நீளமாகச் சரிந்து வரும். அந்தச் சரிவு முடிகிற இடத்தில், சாலைக்குக் குறுக்கே, டோல் பிளாசா. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் வரும் லோரிகளும் பஸ்களும் நேரே வந்து மோதும். ஒவ்வொரு விபத்துக்கும் டிரைவர் மேல்தான் பழி. அப்பா டிரைவர், அதனால் எங்கள் வீட்டில் அந்தச் செய்தி வந்தாலே சத்தம் கேட்கும்: "செரவு முடியுற எடத்துல டோல வச்சது யாரு? அவன் பேரு பேப்பர்ல வருதா பாரு." கடைசியில் அந்த டோலை அங்கிருந்து எடுத்தார்கள். டிரைவர்கள் திடீரென்று திருந்திவிட்டதால் இல்லை. ஒரே இடத்தில் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தால் ஆளை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது பொறியியலில் எனக்கு முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்தது. அப்பாவுக்கு அது படிக்காமலே தெரியும். ஆனால் ஹீ விஷயத்தில் மட்டும் அவர் டிரைவரைத்தான் திட்டுவார்.

பழுது திரும்ப வந்தது. 2020 மார்ச்சில், ஷெராட்டன் கலாட்டாவுக்குப் பிறகு, புந்தோங்கின் அ. சிவசுப்பிரமணியம் ஜ.செ.க.வை விட்டு விலகினார். 2008 முதல் மூன்று தடவை வென்றவர். கச்சான் பூத்தேவுக்குப் பெயர் போன புந்தோங், ஈப்போ தமிழர்களின் தலைநகர் மாதிரி. எங்கள் வீட்டிலிருந்து மோட்டாரில் கொஞ்ச தூரம். அவரோடு துரோனோ உறுப்பினரும் போனார். காரணம்? மாநிலத் தலைமை மேல் நம்பிக்கை இல்லை. பதினோரு வருடம் கழித்து, அதே கட்சி, பக்கத்துத் தொகுதி, கிட்டத்தட்ட அதே வாக்கியம். அப்பா அன்றைக்குத் திட்டவில்லை. "இவனுமா" என்றார், அவ்வளவுதான். பாட்டி அதற்குள் இறந்துவிட்டார்.

அதே நேரத்தில் கட்சிகள் முழுசாகத் தாவின. அதை யாரும் தவளை என்பதில்லை, அதற்குப் பெயர் கூட்டணி. 2020 டிசம்பர் 4-ல் பேரா மந்திரி பெசார் ஃபைசால் அஸுமு நம்பிக்கை வாக்கெடுப்பில் 10-க்கு 48 என்று தோற்றார். அந்த 48-ல் அம்னோவும் ஜ.செ.க.வும் ஒரே பக்கம். 2022 நவம்பர் தேர்தலில் பெரிக்காத்தானுக்கு 26, பக்காத்தானுக்கு 24, பாரிசானுக்கு வெறும் 9. அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு அம்னோவின் சாரானி முகமட் மந்திரி பெசார் ஆனார், ஜ.செ.க. ஆட்சிக்குழுவில் உட்கார்ந்தது. எந்தத் தாவலுக்காக மரத்தடியில் சட்டமன்றம் கூட்டினோமோ, அதே இரண்டு தரப்பும் இப்போது ஒரே மேசையில். நாட்டுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். இன்னொரு பக்கம் வந்திருந்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அந்த ராத்திரி அப்பா கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. "அந்தம்மா ஒரு ஆளா போனா தவள. இவனுங்க பதினெட்டுப் பேரு சேந்து போனா ஒத்துமையா?" (பதினெட்டு என்பது அவருக்கு 2008 கணக்கு. அது மாறவே மாறாது.)

2022-ல் கட்சித் தாவல் தடை வந்தது. ஜூலை 28-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அக்டோபர் 5-ல் அமலுக்கு வந்தது. தானாகக் கட்சியை விட்டு விலகினால் இடம் காலி. அந்த ஐந்து வருடத் தடையையும் எடுத்துவிட்டார்கள், ஷாரிர் நடந்த வழி மறுபடி திறந்தது. நல்ல காரியம். ஆனால் கட்சி உங்களை நீக்கினால் இடம் போகாது. கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் போகாது. ஆகவே கட்சிகள் சும்மா இருக்கவில்லை. தலைமை சொல்லுக்கு எதிராக நடந்தால் உறுப்பினர் தகுதி தானாகவே போய்விடும் என்று சில கட்சிகள் தங்கள் விதியை மாற்றி எழுதிக்கொண்டன. பழைய கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கட்சி அமைப்பு விதிக்குள் வைத்தாயிற்று.

அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கக் கிளந்தானில் ஒரே மனிதர் போதும். பெர்சாத்துவின் முகமட் அஸிஸி அபு நாயிம், குவா மூசாங் எம்.பி., நெங்கிரி சட்டமன்ற உறுப்பினரும் அவரே. கட்சித் தலைமையை மீறி அன்வாரை ஆதரித்தார். 2024 ஜூனில் மாநிலச் சபாநாயகர் அவருடைய நெங்கிரி இடம் காலி என்றார், ஆகஸ்டில் இடைத்தேர்தலும் நடந்துவிட்டது. ஜூலையில் நாடாளுமன்றச் சபாநாயகரோ அவருடைய குவா மூசாங் இடம் காலியில்லை என்றார். ஒரே ஆள், ஒரே செயல், ஒரே கட்சி விதி. ஒரு நாற்காலி போனது, ஒன்று இருந்தது. மெஷினில் இப்படி இரண்டு ரீடிங் வந்தால் நாங்கள் மீட்டரைச் சந்தேகப்படுவோம்.

தமிழ்நாட்டைப் பார்த்து இந்தியாவில் சட்டம் கடுமை, நல்லது என்று என் நண்பன் சொல்வான். 1985 முதல் அங்கே கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலே பதவி போகும். 2017-ல் அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்கள் முதல்வரை மாற்றுங்கள் என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கட்சியை விட்டுப் போகவில்லை, தலைமையைத்தான் எதிர்க்கிறோம் என்றார்கள். சபாநாயகர் தனபால் 18 பேரையும் தகுதி நீக்கம் செய்தார், அடுத்த வருடம் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அவர்கள் யாரும் எனக்குப் பிடித்தவர்கள் இல்லை. ஆனாலும் தலைமையை மாற்று என்பதும் கட்சி தாவுவதும் ஒன்றுதானா என்று ஒரு நிமிடம் நிற்க வேண்டாமா?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வெறும் உபதேசமாகிவிடும். முதல் வேலையில், ஒரு தொழிற்சாலையில், பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஒரு பிரஷர் டெஸ்ட் அறிக்கை. எனக்கு அந்த எண்கள் சரியாகப் படவில்லை. பெரியவர் கையெழுத்துப் போடு, தேதி அப்புறம் போட்டுக்கலாம் என்றார். நான் எதிர்த்தும் பேசவில்லை, மேலே புகாரும் செய்யவில்லை. போட்டேன். நாலு மாதம் கழித்து 600 ரிங்கிட் கூடுதல் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போனேன். கிளம்புகிற அன்றைக்குக் கூட வேலை செய்த பையன் சிரித்துக்கொண்டே "லொம்பாட் ஆ?" என்று கேட்டான். நானும் சிரித்தேன். எந்த அரசும் கவிழவில்லை என்பதுதான் எனக்கும் ஹீக்கும் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் ஆயிரக்கணக்கான பேருடைய ஓட்டு இருந்தது, என்னிடம் ஒரு அறிக்கை. ஆனால் அந்த நாலு மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அது என்ன மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சிவகுமாரும் ஞாபகத்துக்கு வருகிறார். அங்கியோடு இழுக்கப்பட்டவர் 2013-ல் பத்து காஜா எம்.பி. ஆனார், 2022 டிசம்பரில் மனிதவள அமைச்சர். சரியாக ஒரு வருடத்தில், அமைச்சரவை மாற்றத்தில் அந்தப் பதவி போனது. அவர் எங்கும் போகவில்லை. சத்தமும் போடவில்லை. அதை விசுவாசம் என்பதா, பழக்கம் என்பதா, எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

2013 தேர்தலில் ஜெலாப்பாங் மறுபடி ராக்கெட்டுக்கே போட்டது. மாநிலம் முழுக்க எண்ணி முடித்தபோது பாரிசான் 31, மற்றவர்கள் 28. மூன்று பேர் தாவியபிறகு இருந்த அதே எண். நாலு வருடக் கோபம், மரத்தடி, வழக்கு எல்லாம் போய் அதே எண்ணில் வந்து நின்றது. அப்பா அன்றோடு ஏணியை ஸ்டோருக்குள் போட்டார். இப்போது அதை வீட்டு மாங்காய் பறிக்க மட்டும் எடுக்கிறார்.

போன மாதம் பசியாறிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "ப்பா, அந்த அஞ்சு வருசத் தடை இல்லாம இருந்து, அவங்க பதவிய விட்டுட்டு நம்மகிட்டயே வந்து சுயேச்சையா நின்னிருந்தா, போட்டிருப்பீங்களா?"

"போட்டிருக்க மாட்டேன்."

தோசையைப் பிய்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா உக்கார வச்சு தண்ணி குடுத்திருப்பேன்" என்றார். "உங்க பாட்டி போட்டிருக்கும்."